விடிய விடிய நடந்த பந்தயம்!
33 'இன்னிங்ஸ்' ஆடிய பாடக்கெட் கோஷ்டியின் கதை

இரவு எட்டு மணி வாக்கில் பந்தயம் தொடங்கியது. நடுநிசி ஆயிற்று. முடியவில்லை. மணி இரண்டு அடித்தது. மூன்றும் அடித்தது. அப்போதும் முடியவில்லை!

ஆட்டக்காரர்கள் குளிரில் நடுங்கினார்கள். உடைந்த மட்டைகளைத் தகர பீப்பாயில் போட்டுக் கொளுத்திக் குளிர் காய்ந்தார்கள். பந்தயம் பார்க்க வந்த 1,740 பேரில், விடியற்காலை நான்கு மணிக்கு மிச்சம் இருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா?

19 பேர்!

இது கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவில் பாடக்கெட் என்ற சிறிய ஊரில், 1981-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 18-ந் தேதி இரவு நடந்த உண்மைச் சம்பவம். தொழில்முறை 'பேஸ்பால்' சரித்திரத்தில் இதைவிட நீண்ட பந்தயம் வேறு கிடையாது.

அந்த ஊரையும், அந்தக் கோஷ்டியையும் பற்றித் தெரிந்துகொண்டால், அந்த 19 பேரும் ஏன் எழுந்து போகவில்லை என்பது புரியும்.

நூற்பாலை ஊர்

அமெரிக்க மாநிலங்களிலேயே மிகச் சிறியது ரோட் ஐலண்டு. அதில் உள்ள ஊர் பாடக்கெட். ஜனத்தொகை சுமார் 75 ஆயிரம்.

1793-ம் ஆண்டில் சாமுவேல் ஸ்லேட்டர் என்பவர் இங்கே ஆற்றங்கரையில் ஒரு பஞ்சாலை கட்டினார். ஆற்று நீரின் வேகத்தால் யந்திரம் ஓடி நூல் நூற்றது. அமெரிக்காவில் இந்த முறையில் வெற்றிகரமாக நடந்த முதல் பஞ்சாலை அதுதான். அதன் பிறகு ஆலைக்கு மேல் ஆலை வந்தது. வேலை தேடிப் பல நாட்டு ஜனங்கள் குடியேறினார்கள்.

பிறகு காலம் மாறியது. ஆலைகள் தெற்கே உள்ள மாநிலங்களுக்குப் போயின. பல ஆலைகள் மூடப்பட்டன. பெரிய பெரிய செங்கல் கட்டிடங்கள் மட்டும் நின்றன.

அப்படிப்பட்ட ஊருக்குப் பெருமை தேடிக் கொடுத்தது ஒரு பந்தாட்டக் கோஷ்டி.

குளத்தில் கட்டிய அரங்கம்

1930-களில் பாடக்கெட்டின் மேயராக இருந்தவர் தாமஸ் மெக்காய். ஊரையே தன் கைக்குள் வைத்திருந்த அரசியல்வாதி. "ஊருக்கு ஒரு விளையாட்டு அரங்கம் வேண்டும்" என்று தீர்மானித்தார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் எது? ஹாம்மண்டு குளம் என்ற சதுப்பு நிலம்!

"குளத்திலா கட்டுவது?" என்று ஊர் சிரித்தது. மேயர் கேட்கவில்லை. வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க மத்திய அரசாங்கம் நடத்திய திட்டத்தின் கீழ் பணம் வந்தது. மண்ணைக் கொட்டினார்கள், கொட்டக் கொட்டக் குளம் விழுங்கியது. மண்ணோடு யந்திரங்களையும் விழுங்கியது என்று ஊரில் கதை உண்டு. செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. "மெக்காயின் பைத்தியக்காரத்தனம்" என்று எதிரிகள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

1942-ம் ஆண்டு அரங்கம் ஒருவாறு எழுந்து நின்றது. மெக்காய் இறந்த பிறகு, 1946-ல், அதற்கு அவர் பெயரையே சூட்டினார்கள். கேலி செய்த ஊரே அந்தப் பெயரைப் பெருமையாகச் சொல்லும் காலமும் பின்னால் வந்தது.

சின்ன லீக் என்றால் என்ன?

பேஸ்பால் நம்மில் பலருக்குப் பழக்கமில்லாத ஆட்டம். கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

கிரிக்கெட்டைப் போலவே ஒருவர் பந்து வீசுவார். ஒருவர் மட்டையால் அடிப்பார். ஆனால் மட்டை உருண்டையாக, உலக்கையைச் சிறிதாக்கியது போல இருக்கும். அடித்தவர் நான்கு மூலைகளையும் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு 'ரன்'. மூன்று பேர் அவுட் ஆனால் எதிர்க் கோஷ்டி அடிக்க வரும். இரு கோஷ்டிகளும் ஒரு முறை அடித்தால் அது ஒரு 'இன்னிங்ஸ்'. இப்படி ஒன்பது இன்னிங்ஸ். ஒரு பந்தயம் வழக்கமாக மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஒன்பது முடிந்தும் இரு தரப்பும் சமமாக இருந்தால்? "டிரா" என்று வீட்டுக்குப் போக முடியாது. ஒரு கோஷ்டி ஜெயிக்கும் வரை ஆட வேண்டியதுதான்! இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்டன், நியூயார்க் போன்ற மாநகரங்களின் கோஷ்டிகள் ஆடுவது பெரிய லீக். அங்கே பணம், புகழ் எல்லாம் உண்டு. ஒவ்வொரு பெரிய கோஷ்டிக்கும் கீழே, சிறு ஊர்களில் சின்னக் கோஷ்டிகள் உண்டு. இவைதான் மைனர் லீக். வயலில் விதைத்து நட்டு வளர்ப்பது போல, இளைஞர்களை இங்கே வளர்த்து மேலே அனுப்புவார்கள். 'பண்ணை' என்றே இதற்குப் பெயர்.

சின்ன லீக்கிலும் பல படிகள். எல்லாவற்றுக்கும் மேல் படி 'டிரிபிள் ஏ'. அதற்கு அடுத்தது பெரிய லீக்தான். ஆனால் அந்தக் கடைசிப் படியைத் தாண்ட முடியாமல் வருடக்கணக்கில் நின்று, முப்பது வயதில் மூட்டை கட்டியவர்கள் ஏராளம். சம்பளமும் சொற்பம். ஊர் ஊராக பஸ்ஸில் பயணம். "இன்று கூப்பிடுவார்களா, நாளை கூப்பிடுவார்களா?" என்று தினமும் காத்திருக்க வேண்டும்.

வந்த கோஷ்டிகள், போன கோஷ்டிகள்

பாடக்கெட்டில் 1946 முதல் 1949 வரை ஒரு கோஷ்டி ஆடியது. பஞ்சாலை ஸ்லேட்டரின் நினைவாக அதன் பெயர் 'ஸ்லேட்டர்ஸ்'. பிறகு பல வருடம் ஒன்றும் இல்லை. 1966, 1967 ஆகிய இரண்டு ஆண்டுகள் கிளீவ்லாண்டு கோஷ்டியின் பண்ணை இருந்தது. அதுவும் போய்விட்டது.

1970-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் தன் இளைஞர்களை அனுப்பியது. 'சிவப்புக் காலுறை' என்பது அந்தப் பெயரின் பொருள். பாஸ்டன் அங்கிருந்து சுமார் 40 மைல்தான். 1973-ல் பாடக்கெட்டுக்கு டிரிபிள் ஏ அந்தஸ்து கிடைத்தது. அந்த முதல் ஆண்டிலேயே கோஷ்டி லீக் கோப்பையை வென்றது.

ஆனால் பணப்பெட்டி காலி! அரங்கம் அழுக்கடைந்து கிடந்தது. குடும்பத்தோடு போக ஜனங்கள் தயங்கினார்கள். சொந்தக்காரர்கள் கடனில் மூழ்கினார்கள். 1976 முடிவில் கோஷ்டியே திவால் நிலைக்கு வந்தது. பக்கத்து மாநிலத்தில் உள்ள ஊஸ்டர் நகருக்கு அதைக் கொண்டு போக அப்போதே ஒரு முயற்சி நடந்தது. அது பலிக்கவில்லை. (இந்த ஊஸ்டர் என்ற பெயர் மறுபடியும் வரும்.)

ஆலை முதலாளி வந்தார்

அந்த நேரத்தில் வந்தவர் பென் மாண்டர்.

கனடா நாட்டு குவிபெக்கில் பிறந்தவர். சிறு வயதிலேயே ரோட் ஐலண்டுக்கு வந்தவர். மூடிக் கிடந்த ஆலைகளை வாங்கி, சீர்செய்து, மறுபடி ஓட்டிப் பணம் சம்பாதித்தவர். தொழிலிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். 1977-ல் திவாலான கோஷ்டியை வாங்கினார்.

அவருக்குப் பேஸ்பால் வியாபாரம் தெரியாது. ஆனால் மூடிய ஆலையை எப்படித் திறப்பது என்று தெரியும். அரங்கத்தைச் சுத்தம் செய்தார். டிக்கெட் விலையைக் குறைவாகவே வைத்தார். வண்டி நிறுத்தக் காசு வாங்கவில்லை. அப்பா, அம்மா, பிள்ளைகள், பாட்டி என்று ஒரு குடும்பமே வந்து போகும் செலவு ஆலைத் தொழிலாளிக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்பது அவர் கணக்கு. மைக் டம்புரோ என்ற இளைஞரை நிர்வாகியாக வைத்துக்கொண்டார்.

முதல் வருடம் வந்தவர்கள் மொத்தம் சுமார் 70 ஆயிரம் பேர். 2005-ம் ஆண்டில் வந்தவர்கள் எத்தனை பேர்? 6 லட்சத்து 88 ஆயிரத்து 421! ஊர் ஜனத்தொகையைப் போல் ஒன்பது மடங்கு.

பால் குடுவையில் பந்து!

மெக்காய் அரங்கத்தில் ஒரு விசித்திரம். ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம், பார்வையாளர் இருக்கைகளுக்குக் கீழே, குழிக்குள் இருப்பது போல் அமைந்திருந்தது. மேலே இருப்பவர்களால் கை நீட்டிக் கையெழுத்து வாங்க முடியாது.

குழந்தைகள் சும்மா இருப்பார்களா? வீட்டில் காலியான பிளாஸ்டிக் பால் குடுவையை எடுத்தார்கள். ஒரு பக்கத்தை வெட்டினார்கள். உள்ளே ஒரு பந்தையும் பேனாவையும் போட்டார்கள். கயிற்றைக் கட்டி, கிணற்றில் வாளி விடுவது போல மெதுவாக இறக்கினார்கள். கீழே இருக்கும் ஆட்டக்காரர் பந்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் திரும்ப வைப்பார். மேலே கயிற்றை இழுத்தால் பொக்கிஷம்!

இதற்கு ஊரில் 'மீன் பிடித்தல்' என்று பெயர். குளத்தில் கட்டிய அரங்கத்துக்குப் பொருத்தமான பெயர்தான். அப்பா சிறு பிள்ளையாக இருந்தபோது குடுவை இறக்கிய அதே இடத்தில், பிற்காலத்தில் அவர் மகனும் இறக்கினான்.

அப்படிக் கையெழுத்துப் போட்டவர்களில் சிலர் பின்னால் நாடு அறிந்த நட்சத்திரங்கள் ஆனார்கள். ஜிம் ரைஸ், ரோஜர் கிளமென்ஸ், மூக்கி பெட்ஸ் ஆகியோர் இந்த ஊரில் ஆடிவிட்டுப் போனவர்கள். போனவர்களின் உருவங்களை அரங்கத்தின் சாய்தளச் சுவர்களில் பெரிது பெரிதாக வரைந்து வைத்திருந்தார்கள்.

மேலேயிருந்து கீழே வந்தவர்களும் உண்டு. மார்க் ஃபிட்ரிச் என்று ஒருவர். 1976-ல் டெட்ராய்ட் கோஷ்டிக்குப் பந்து வீசி ஒரே வருடத்தில் நாடு முழுவதும் புகழ் பெற்றார். பந்தோடு பேசுவார், மண்டியிட்டு மைதான மண்ணைத் தன் கையாலேயே சரிசெய்வார். ஜனங்களுக்கு அவர் மேல் அத்தனை பிரியம். பிறகு தோளில் காயம். எல்லாம் போயிற்று. 1982-ல் பாடக்கெட்டுக்கு வந்து, மீண்டும் மேலே போக முயன்றார். அந்த ஜூலை முதல் தேதி அவர் பந்து வீசுவதைப் பார்க்க ஒன்பதாயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். அன்று கடைசி வரை அவரே வீசி வென்றார். ஆனால் கை முழுதாகத் தேறவில்லை. அடுத்த வருடமே ஓய்வு பெற்றார்.

அந்த இரவு

இனி, அந்த நீண்ட இரவுக்கு வருவோம்.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. எதிரே ஆடியது நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ராச்செஸ்டர் கோஷ்டி. கடுங்குளிர். எதிர்க்காற்று. ஓங்கி அடித்த பந்தும் காற்றில் திரும்பி மைதானத்துக்குள்ளேயே விழுந்தது.

ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் ஆளுக்கு ஒரு ரன். சமம்! பத்தாவது இன்னிங்ஸ், பதினைந்தாவது, இருபதாவது... யாருக்கும் ரன் இல்லை.

21-வது இன்னிங்ஸில் ராச்செஸ்டர் ஒரு ரன் எடுத்தது. "அப்பாடா, முடிந்தது!" என்று எல்லோரும் நிமிர்ந்தார்கள். அடிக்க வந்தார் பாடக்கெட்டின் வேட் பாக்ஸ். ஓங்கி அடித்தார். மறுபடியும் சமம்! தன்னைக் கட்டி அணைப்பதா, அடித்து நொறுக்குவதா என்று சக ஆட்டக்காரர்களுக்கே தெரியவில்லை என்று பாக்ஸ் பின்னர் வேடிக்கையாகச் சொன்னார்.

22-வது இன்னிங்ஸில் பாடக்கெட்டின் மானேஜர் ஜோ மார்கன் நடுவரோடு வாதாடினார். நடுவர் அவரை வெளியேற்றினார். அவர் வீட்டுக்குப் போகவில்லை. ஓர் ஓட்டை வழியாக மீதி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்!

இரவு 12 மணி 50 நிமிடத்துக்கு மேல் புது இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்று லீக்கில் ஒரு விதி இருந்தது. நடுவர்களிடம் இருந்த விதிப் புத்தகத்தில் அது அச்சாகாமல் விட்டுப்போயிருந்தது. "புத்தகத்தில் இல்லை, ஆடுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். ஓர் அச்சுப் பிழையால் விளைந்த சாதனை என்றும் இதைச் சொல்லலாம். லீக் தலைவரைப் போனில் பிடிக்க நிர்வாகிகள் மணிக்கணக்கில் முயன்றார்கள். கடைசியில் கிடைத்தார். "இந்த இன்னிங்ஸோடு நிறுத்துங்கள்!" என்று உத்தரவிட்டார்.

அப்போது மணி 4.07. முடிந்தது 32 இன்னிங்ஸ். ஆளுக்கு 2 ரன். இன்னும் சமம்!

கடைசி வரை இருந்த 19 பேருக்கும் கோஷ்டியின் ஆட்டங்களை இலவசமாகப் பார்க்க அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். ஆட்டக்காரர்கள் வீடு திரும்பும்போது, ஈஸ்டர் பூஜைக்காக ஜனங்கள் தேவாலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"நம்ப மாட்டேன்!"

இதில் ஒரு குடும்பச் சண்டையும் உண்டு.

பந்து வீசியவர்களில் ஒருவர் லூயி அபோன்டே. தன் பங்கை முடித்துவிட்டு மூன்று மணி வாக்கில் வீட்டுக்குப் போனார். கதவைத் தட்டினார். மனைவிக்குக் கடும் கோபம். "எங்கே போயிருந்தீர்கள்?" "மைதானத்தில்தான் இருந்தேன்." "இந்த நேரத்தில் மைதானத்தில் யார் இருப்பார்கள்? பொய்!"

"நாளைக் காலைப் பத்திரிகையைப் பார். தெரியும்" என்றார் அபோன்டே.

பொழுது விடிந்தது. பத்திரிகை வந்தது. பந்தயச் செய்தி இல்லை! ஆட்டம் அவ்வளவு நேரம் நீண்டதால் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை அதற்கு முன்பே அச்சாகிவிட்டது. பாவம், மனிதர் மறுநாள் பத்திரிகை வரும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

18 நிமிடத்தில் முடிவு

மீதி ஆட்டம் ஜூன் 23-ந் தேதி நடந்தது. அந்த வேளையில் பெரிய லீக் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். நாட்டில் வேறு பெரிய பந்தயம் கிடையாது. எல்லா ஊர் நிருபர்களும் பாடக்கெட்டுக்குப் படையெடுத்தார்கள். 5,746 பேர் டிக்கெட் வாங்கி வந்தார்கள்.

33-வது இன்னிங்ஸ். பாடக்கெட் அடிக்கும் முறை. மூன்று மூலைகளிலும் ஆள் நிற்கிறார்கள். டேவ் கோசா என்பவர் அடித்தார். பந்து இடது பக்கம் பாய்ந்தது. மார்ட்டி பாரெட் ஓடி வந்து ரன் எடுத்தார். 3-க்கு 2. பாடக்கெட் ஜெயித்தது! அன்று ஆடிய நேரம் 18 நிமிடம். இரண்டு நாளும் சேர்த்து 8 மணி 25 நிமிடம்.

அந்தப் பந்தயத்தில் பாடக்கெட்டுக்கு ஆடிய வேட் பாக்ஸ், ராச்செஸ்டருக்கு ஆடிய கால் ரிப்கன் இருவரும் பிற்காலத்தில் பேஸ்பாலின் மிக உயர்ந்த கௌரவமான 'புகழ் மண்டப'த்தில் இடம் பெற்றார்கள். ரிப்கன் ஒரு நாள் கூட விடாமல் தொடர்ந்து 2,632 பந்தயங்கள் ஆடிச் சாதனை படைத்தவர். தூக்கம் கெட்ட அந்த இரவு அவருக்கு நல்ல பயிற்சியாக இருந்திருக்கும்!

வெற்றி ரன்னை வாங்கிக் கொடுத்த டேவ் கோசா? அவருக்குப் பெரிய லீக்கிலிருந்து அழைப்பு வரவே இல்லை. ஒரே ஒரு நாள் கூட அவர் அங்கே ஆடவில்லை. அந்த 33 இன்னிங்ஸில் ஐந்து முறை வெற்றிகரமாக அடித்தவர் அவர். ரிப்கன் இரண்டு முறைதான்.

இந்தச் சாதனையை இனி யாரும் முறியடிப்பது கடினம். 2018 முதல் சின்ன லீக்கில் விதி மாறிவிட்டது. கூடுதல் இன்னிங்ஸ் ஒவ்வொன்றும் ஒருவரை இரண்டாவது மூலையில் நிறுத்தி வைத்தே தொடங்குகிறது. ரன் சுலபமாக வந்துவிடும்.

ஊரை விட்டுப் போன கோஷ்டி

பென் மாண்டர் 2010 அக்டோபரில் காலமானார். 2015-ல் கோஷ்டி கைமாறியது. வாங்கியவர்களில் முக்கியமானவர் பாஸ்டன் கோஷ்டியின் தலைவராக இருந்த லாரி லுக்கினோ.

புதிய சொந்தக்காரர்கள் புதிய அரங்கம் கேட்டார்கள். முதலில் பக்கத்தில் உள்ள பிராவிடன்ஸ் நகரத்தில் கட்டுவதாகப் பேச்சு. அது நடக்கவில்லை. பிறகு பாடக்கெட்டிலேயே கட்டலாம் என்றார்கள். அரசாங்கம் எவ்வளவு தருவது, கோஷ்டி எவ்வளவு போடுவது என்று பேச்சு இழுத்தது. வரிப்பணத்தைக் கொடுக்கலாமா என்று மாநிலமே இரண்டு பட்டது. பள்ளிக்கூடமும் சாலையும் காத்திருக்கும்போது பணக்காரர்களுக்கு ஏன் தர வேண்டும் என்று கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. கோஷ்டி போய்விட்டால் ஊரில் என்ன மிச்சம் என்று கேட்டவர்களையும் குறை சொல்ல முடியாது.

2018 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. "கோஷ்டி ஊஸ்டருக்குப் போகிறது!"

நாற்பது வருடத்துக்கு முன் முயன்று பலிக்காமல் போன அதே ஊஸ்டர்!

2020-ம் ஆண்டைக் கடைசி ஆண்டாகக் கொண்டாடி விடை கொடுக்க ஏற்பாடு நடந்தது. அதற்குள் கொரோனா வந்தது. அந்த வருடம் சின்ன லீக் ஆட்டங்கள் எல்லாம் ரத்தாயின. ஆகவே, 2019 செப்டம்பரில் நடந்த ஆட்டமே கடைசி ஆட்டம் ஆகிவிட்டது. அன்று கைதட்டிவிட்டு எழுந்து போனவர்களுக்கு அது தெரியாது.

2020 கோடையில் கோஷ்டியார் ஒரு காரியம் செய்தார்கள். மைதானத்துப் புல்வெளியில் தள்ளித் தள்ளி மேஜைகள் போட்டார்கள். குடும்பம் குடும்பமாக வந்து, பந்து உருண்ட இடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அறிவித்தார்கள். இடம் கேட்டு ஜனங்கள் முண்டியடித்தார்கள். அதுதான் ஊர் கொடுத்த விடை.

2021 முதல் கோஷ்டி ஊஸ்டரில், புதிய அரங்கத்தில் ஆடுகிறது.

காலியாகக் கிடந்த மெக்காய் அரங்கத்தை 2025-ல் இடித்தார்கள். அந்த இடத்தில் ஊருக்கு ஒரு பெரிய உயர்நிலைப் பள்ளி கட்டுவதற்காக 2022-ல் ஜனங்களே ஓட்டுப் போட்டுக் கடன் பத்திரத்துக்குச் சம்மதம் கொடுத்திருந்தார்கள். அதே 2025-ல் பாடக்கெட்டின் ஆற்றங்கரையில் ஒரு கால்பந்து மைதானம் திறக்கப்பட்டது. சனிக்கிழமை மாலைகளில் இப்போது ஊர்ப் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். அங்கே குடுவை இறக்கக் குழி இல்லை. ஆட்டக்காரர்கள் வேலியோரமாகவே வந்து கையெழுத்துப் போடுகிறார்கள்.